ஆயுள் பத்தியம்

நம் வீடுகளில் பத்தியம் என்றால் அதற்கு ஒரு கெடு உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள். நாட்டு மருந்துக்கு ஒரு மண்டலம். மஞ்சள் காமாலைக்குக் கண் தெளிகிறவரை. கெடு முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் நோயாளியும் சமைக்கிறவர்களும் அந்த நாட்களைத் தள்ளுகிறார்கள்.

கெடுவே இல்லாத பத்தியம் ஒன்று இருக்கிறது. சீலியாக் என்ற குடல் நோய்க்கு உரியது அது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும் ஆயுள் முழுக்கத் தொடக்கூடாது. இவற்றில் உள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம்தான் காரணம். சப்பாத்தி மாவை இழுத்தால் இழுபடுகிறதே, பரோட்டா மாஸ்டர் வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை குளூட்டன் தருவது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுவதற்கென்று மிக நுண்ணிய விரல்கள் போன்ற முளைகள் உண்டு. அவை தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு ஊதும், கை கால் குச்சியாகும், வயிற்றுப்போக்கு நிற்காது, பிள்ளை வளராது.

இப்போது கடைகளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட மாவுப் பொட்டலங்களைப் பார்க்கும்போது, இது வசதி உள்ளவர்களின் புது மோஸ்தர் என்று நம் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறோம். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பல நூறு குழந்தைகளின் சாவும், சமையலறைகளின் பாடும் இருக்கின்றன. அந்தக் கதையைத்தான் எழுத நினைத்தேன்.

நோய் பழையது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பே கப்பதோக்கியா நாட்டைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் சீலியாக் என்ற பெயரே வந்தது.

நவீன காலத்தில் இதைத் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. 1887-இல் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. இந்த நோய் குணமாகுமானால் அது உணவால்தான் ஆகவேண்டும் என்று அவர் சொன்னார். அது மிகப் பெரிய உண்மை. ஆனால் எந்த உணவு என்பதில் தடுமாறினார். மாவுப் பொருளைக் குறைக்கச் சொன்னவர், அரிசி ஆகாது, சவ்வரிசி ஆகாது, சோள மாவு ஆகாது என்று விலக்கினார். எதற்கு அனுமதி கொடுத்தார் தெரியுமா? மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டிக்கு. ரஸ்குக்கு. முளைகட்டிய தானியத்தில் செய்த மால்ட் உணவுக்கு. குற்றவாளியை வீட்டுக்குள் விட்டு, வாசலில் நின்ற அப்பாவிகளை விரட்டிய கதைதான்.

அதே சொற்பொழிவில் ஒரு குழந்தையைப் பற்றியும் கீ சொல்கிறார். தினம் ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல், ஹாலந்துச் சிப்பி கொடுத்து வளர்த்த பிள்ளை அது. நம் குளச்சல் பக்கத்துப் பாறைகளில் எடுக்கிறார்களே, அதைப் போன்ற சிப்பி. பிள்ளை அருமையாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை சிப்பியைத் தொடவில்லையாம். ஒரு பருவம் முழுக்கத் தினமும் சிப்பி தின்ற குழந்தையை யார் குறை சொல்வது? வயிறு சிப்பியால் நிறைந்திருந்தபோது ரொட்டிக்கு இடம் குறைந்திருக்கும். இன்று நமக்கு அப்படித் தோன்றுகிறது. அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வாழைப்பழம் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். வாழைப்பழ உணவில் வைத்த எட்டுப் பேர் தேறினார்கள். அந்த உணவு கிடைக்காத இரண்டு பேர் இறந்துபோனார்கள். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பழமும் பாலும் தயிர்க்கட்டியும் இறைச்சியும் காய்கறியும் கொடுப்பது அவர் முறை. அமெரிக்காவில் பல ஆண்டுகள் இதுவே சிகிச்சையாக இருந்தது. பல உயிர்களைக் காப்பாற்றியது. நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்துக் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

ஆனால் ஹாஸ் புகழைப் பழத்துக்குக் கொடுத்துவிட்டார். வாழையில் ஏதோ ஒரு மருந்துச் சத்து இருக்கிறது என்றே நம்பினார். அதனால் பிள்ளை தேறியதும், குணமாகிவிட்டது என்று சொல்லிப் பழைய சாப்பாட்டுக்கு அனுப்பினார்கள். ரொட்டி மறுபடி தட்டில் விழுந்தது. தேறியதாக எண்ணிய பலருக்கு உள்ளே குடல் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. கொடுத்ததில் மருந்தைத் தேடினார்கள். நிறுத்தியதில் இருந்தது அது.

இதை உடைத்தவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற ஹாலந்து மருத்துவர். 1905-இல் பிறந்தவர். முப்பத்தொரு வயதிலேயே ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போரின் பஞ்சம்தான் அவருக்கு உண்மையைக் காட்டியது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது பாதிக் கதை. போருக்கு முன்பே, 1930-களில், ஓர் இளம் தாய் அவரிடம் ஒரு செய்தி சொல்லியிருக்கிறாள். ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளையின் தோல் தடிப்பு சீக்கிரமே குறைகிறது என்பதுதான் அது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியவில்லை. மூன்று வேளையும் ஊட்டுகிறவள் கவனித்ததைச் சொன்னாள். காது கொடுத்துக் கேட்க ஒரு மருத்துவர் இருந்தார். அவ்வளவுதான் நடந்தது. டிக்கே தம் மருத்துவமனையில் கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார். 1941-இல் அதைப் பற்றி ஹாலந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார்.

பிறகு பஞ்சம் வந்தது. ஹாலந்து அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது. 1944 செப்டம்பரில் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பழிவாங்க ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியால் செத்தார்கள். ரொட்டி அருகிப்போய், மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஊர் முழுக்க வாடிய அந்த நேரத்தில் சீலியாக் குழந்தைகளின் நோய் மட்டும் முற்றவில்லை. போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. தாம் சந்தேகித்தது சரிதான் என்ற உறுதி டிக்கேவுக்கு அப்போது வந்தது.

அதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த நம் மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்குதான் பல வீடுகளில் உயிர் காத்தது. அவர்களுக்கு ரொட்டி போய்க் கிழங்கு வந்தது. நமக்கு அரிசி போய்க் கிழங்கு வந்தது.

போருக்குப் பின் டிக்கே, வான் டி காமர் என்ற வேதியியலாளரையும் வேயர்ஸ் என்ற மருத்துவரையும் சேர்த்துக்கொண்டார். குழந்தைகளுக்கு ஒவ்வொரு மாவாகக் கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு செரிக்காமல் போகிறது என்று அளந்தார்கள். அதை அளக்கும் முறையை உருவாக்கியவர் வான் டி காமர். அருவருக்கத்தக்க வேலைதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத விடை கிடைத்தது. கோதுமையும் ரையும் கெடுதல். அரிசி கெடுதல் இல்லை. மக்காச்சோளம் கெடுதல் இல்லை. கோதுமையிலும் புரதம் நீக்கிய மாவுச்சத்து கெடுதல் செய்யவில்லை. டிக்கே 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதை முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழுவினர் குளூட்டனையே குறிப்பிட்டுக் காட்டினார்கள். 1956-இல் மார்கோ ஷைனர் என்ற லண்டன் மருத்துவர், அறுவை இல்லாமலே குழாய் வழியாகச் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தேய்ந்த முளைகளை அப்புறம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. குளூட்டனை நிறுத்தினால் அவை மெல்ல மெல்ல மறுபடி வளர்வதையும் பார்க்க முடிந்தது. டிக்கே 1962-இல் காலமானார்.

கீ சொன்னதற்கும் டிக்கே நிரூபித்ததற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல். ரொட்டியைச் சந்தேகிக்க ஏன் இவ்வளவு காலம்? அவர்களுக்கு அது நமக்குச் சோறு மாதிரி. சோற்றை நஞ்சு என்று யாராவது சொன்னால் நாம் கேட்போமா?

மருந்து தெரிந்துவிட்டது. ஆனால் இந்த மருந்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தினமும் மூன்று வேளை சமையலறையில்தான் அது தயாராக வேண்டும். அதனால்தான் நோயாளிகளும் பெற்றோரும் சங்கம் கூடினார்கள். பிரிட்டனில் 1968-இல் சீலியாக் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் பீட்டர் பெனன்சன். அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கியவரும் இவரேதான். அவருக்கும் இந்த நோய் இருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இது வெள்ளைக்காரர் நோய் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் பெரியவர்களைப் பரிசோதித்தது. நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர். தெற்கே 0.10 பேர்தான். நமக்கு இந்த நோய்க்கான பரம்பரைக் கூறு இல்லையோ என்று பார்த்தால், வடக்கே நூற்றுக்கு 38.1 பேருக்கும் தெற்கே 36.4 பேருக்கும் அது இருக்கிறது. ஏறத்தாழ சமம். வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கே 25 கிராம். ஆக, நம்மைக் காத்து வந்தது அரிசியும் உளுந்தும் போட்ட ஆட்டுரல் என்றே சொல்லலாம்.

ஆனால் கோதுமை நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்த வழியை யோசித்துப் பாருங்கள். 1960-களில் அரிசி கிடைக்காத காலத்தில், பி.எல். 480 ஒப்பந்தப்படி அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கோதுமை ரவை உப்புமா வட்டிலில் விழுந்தது. அதன்பிறகு சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ராத்திரிச் சப்பாத்தி. அதற்கும் முன்னாலிருந்தே நோயாளிக்கு ரொட்டியும் பாலும். காய்ச்சல் என்றால் பன், ரஸ்க். நீர்க்கடுப்பு என்றால் பார்லித் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கப் போனால் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். 1873-இல் ஹார்லிக் சகோதரர்கள் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று தொடங்கிய பானம் அது. பார்லி மால்ட்டும் கோதுமையும்தான் அதன் அடிப்படை. கீ நல்லது என்று சொன்ன அதே ரொட்டி, ரஸ்க், மால்ட் மூன்றும் நம் ஊரில் நோயாளியின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. மற்றவர்களுக்கு அவற்றால் கெடுதல் இல்லை. சீலியாக் உள்ள பிள்ளைக்கு அன்போடு நாம் கொண்டுபோகும் ஒவ்வொன்றும் நோயை வளர்க்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தங்கையின் பேத்தி டில்லியில் பிறந்து வளர்ந்தவள். எட்டு வயதில் ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு. இரண்டு வருஷம் பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்குமாகக் கழிந்தது. பிறகுதான் ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் செய்து சீலியாக் என்று சொன்னார்கள். அந்தக் கோடை விடுமுறைக்கு உடம்பு தேற்ற இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள்.

இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், மரச்சீனி என்று நம் சமையலில் பாதிக்கு மேல் கோதுமையே கிடையாதே, இதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்தோம். என் மனைவி உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆப்ப மாவுக்குக் கப்பி காய்ச்ச ரவை போடுகிறவர்கள் உண்டு. அரிசி நொய்க்கு மாறினோம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். டப்பாவின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். சாம்பாரில் பெருங்காயம் நின்று பூண்டு கூடியது. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்க்கக் கூடாது என்று புதுக் கல் வாங்கிப் பழக்கினோம். மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு நம் அரிசி மாவிலும் கலந்துவிடும். மிக்ஸியிலேயே இடித்துச் சலித்துக்கொண்டாள். எனக்கு ராத்திரி இரண்டு சப்பாத்தி வழக்கம். அந்த இரண்டு மாதம் கேழ்வரகு அடை. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் பிள்ளை மனசு சுருங்கிவிடும் என்று அவள் சொன்னாள். அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

சமையலைவிடக் கஷ்டம் மனிதர்கள்தான். கோவிலில் கேசரி கொடுத்து, "மக்கா, பிரசாதம் ஒரு வாய் தின்னா ஒண்ணும் செய்யாது" என்பார்கள். பிறந்த நாள் வீட்டில் கேக் துண்டை நீட்டி, "ஒரே ஒரு துண்டுதானே அக்கா, பிள்ளை ஏங்குதே" என்று என் மனைவியிடம் வாதாடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொடுப்பதுதான் அன்பு என்று பழகிய ஊர் நம் ஊர். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று விற்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அவ்வளவு நுட்பமான கணக்கு. ஒரு துண்டு கேக் அதில் எங்கே நிற்கும்?

ஒரு நாள் ராத்திரி அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: "இது எப்ப முடியும் தாத்தா?" முடியாது என்று எப்படிச் சொல்வது? அவள் அம்மாதான் பதில் சொன்னாள்: "பாட்டி கண்ணாடி போட்டிருக்காங்கல்ல, அது எப்ப முடியும்னு கேக்குறாங்களா? போட்டாத் தெரியுது, அவ்வளவுதான்." பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தூங்கிப்போனாள். ஊருக்குப் போகும்போது மூன்று கிலோ கூடியிருந்தாள். கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கப் பழகியிருந்தாள்.

இதை வாசிக்கும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. பேரப்பிள்ளைகளில் யாராவது நன்றாகச் சாப்பிட்டும் தேறாமல், வயிறு ஊதி, ரத்தசோகை விடாமல் இருந்தால் இந்த நோயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்பே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அடையாளம் மறைந்து, நோய் இருப்பது தெரியாமலே போகலாம். நோய் இல்லாதவர்கள் பயந்து கோதுமையை விலக்க வேண்டியதும் இல்லை.

அடுத்து, நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுவரலாம் என்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயைக் குணமாக்குவது வாழைதான் என்று எண்ணி ஹாஸ் ஏமாந்தார். ஆனால் கெடுதல் செய்தது வாழைப்பழம் அல்ல.